வீட்டுக்குள் வந்து கைது செய்யலாமா?

கேள்வி: தேடப்படும் ஒருவர் எங்கள் வீட்டில் இருப்பதாகச் சொல்லி போலீஸ் வந்தால், கதவைத் திறக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா?

பதில்: இல்லை என்பதுதான் நேரடியான பதில். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 47) இதைத்தான் பேசுகிறது. வாரண்டோடு வந்தவரோ, வாரண்ட் இல்லாமலே கைது செய்ய அதிகாரம் உள்ள போலீஸ் அதிகாரியோ, அந்த ஆள் உள்ளே இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்து கேட்டால், வீட்டில் இருப்பவர் உள்ளே விட வேண்டும், தேடவும் வசதி செய்து தர வேண்டும். மறுத்தால் வாரண்டோடு வந்தவர் கதவை உடைக்கலாம்; வாரண்ட் இல்லாத போலீஸ் அதிகாரி, வாரண்ட் வாங்கப் போனால் ஆள் தப்பிவிட வாய்ப்பு இருந்தால் மட்டும் உடைக்கலாம். ஆனால் எடுத்த எடுப்பில் உடைக்க முடியாது, தான் யார், எதற்காக வந்திருக்கிறேன் என்று சொல்லி, முறையாக அனுமதி கேட்ட பிறகும் வழி கிடைக்காவிட்டால்தான் அது, பலர் இதைத் தெரிந்துகொள்ளாமலே பயந்துபோகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வழக்கப்படி வெளியார் முன் வராத பெண் ஒருவர் அறையில் இருந்தால், கைது செய்யப்பட வேண்டியவர் அவரே இல்லாத பட்சத்தில், அவர் விலகிப் போக முதலில் வாய்ப்பு தர வேண்டும்.

சரி, உள்ளே வந்துவிட்டார்கள், அப்புறம்? தடுக்காதீர்கள், ஆனால் தயங்காமல் கேளுங்கள். அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தவரோ அந்தப் பகுதியைச் சேர்ந்த மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். காரணத்தையும் சொல்லியாக வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.