ஸ்பினெல் என்று விற்கப்பட்ட டாஃபைட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் குடும்ப மோதிரம் ஒன்றில் பட்டை தீட்டிய வெளிர் ஊதா நிறக் கல் இருக்கிறது. அதை ஸ்பினெல் என்றே எண்ணியிருந்தோம். இரத்தினக்கற்களை அறிந்த ஒருவர், அது டாஃபைட்டாகவும் இருக்கலாம் என்கிறார். பார்த்தே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. நிறம், பளபளப்பு, கடினம், எடை ஆகிய நான்கிலும் ஸ்பினெலுக்கு இவ்வளவு நெருங்கி நிற்கும் கல் வேறு இல்லை என்றே சொல்லலாம். ஸ்பினெலின் ஒப்படர்த்தி (அதே கனஅளவுள்ள நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) ஏறத்தாழ 3.60 என்றால், டாஃபைட்டினுடையது 3.61. மோஸ் அளவுகோலில் முன்னதன் கடினம் 8. பின்னது 8 முதல் 8.5 வரை. ஒளிவிலகல் எண்ணிலும் இதே நெருக்கம்தான்: இயற்கை ஸ்பினெல் பெரும்பாலும் 1.718 காட்டும், டாஃபைட் 1.719-க்கும் 1.723-க்கும் இடையில் நிற்கும்.

இவ்வளவு ஒற்றுமைக்குக் காரணம் உள்ளமைப்பில் இருக்கிறது. டாஃபைட்டின் படிகத்தில் ஸ்பினெலைப் போன்ற அணு அடுக்குகளும் பெரிலியம் கலந்த வேறு வகை அடுக்குகளும் மாறி மாறி அமைந்திருக்கின்றன. அந்த இரண்டாம் வகை அடுக்குகளால்தான் படிகம் கனசதுர ஒழுங்கை இழந்து அறுகோண ஒழுங்கை அடைகிறது. ஸ்பினெலுக்குள் நுழையும் ஒளி எத்திசையிலும் ஒரே கதிராகவே செல்ல, டாஃபைட்டுக்குள் நுழையும் ஒளியோ இரண்டு கதிர்களாகப் பிரிகிறது. ஆகவே, உருப்பெருக்கியின் வழியாகக் கல்லின் மேற்பட்டையினூடே நோக்கினால், அடியிலுள்ள பட்டைகளின் விளிம்புகள் மெல்லிய இரட்டைக் கோடுகளாகத் தெரியக்கூடும்.

இந்த இரட்டிப்பைக் கவனித்த ஒருவராலேயே இக்கல் உலகுக்குத் தெரியவந்தது. 1945-ஆம் ஆண்டு டப்ளின் நகரில், ரிச்சர்ட் டாஃப் என்ற இரத்தினவியலாளர் ஒரு நகை வணிகரிடமிருந்த பழைய கற்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அவற்றுள் ஸ்பினெல் போலத் தோன்றிய, 1.419 காரட் எடையுள்ள ஊதாக் கல் ஒன்று, ஸ்பினெல் ஒருபோதும் காட்டாத இரட்டைக் கோடுகளைக் காட்டியது. அவர் அதை லண்டனில் இருந்த இரத்தினக்கல் ஆய்வகத்துக்கு, அங்கு பணியாற்றிய இரத்தினவியலாளர் பி. டபிள்யூ. ஆண்டர்சனுக்கு அனுப்பினார். கல்லின் ஒரு சிறு பகுதியை வெட்டியெடுத்துப் பகுப்பாய்வு செய்த பிறகே, பெரிலியமும் மக்னீசியமும் இன்றியமையாத கூறுகளாக ஒருங்கே அமைந்த முதல் கனிமம் இது என்று உறுதியாயிற்று. புதிய கனிமங்கள் வழக்கமாகப் பாறையிலோ மூலப்படிகத்திலோதான் கண்டறியப்படும். ஏற்கெனவே பட்டை தீட்டப்பட்ட கல்லிலிருந்து முதன்முதலாக அறியப்பட்டது டாஃபைட்டே. அந்த மனிதரின் கூர்ந்த பார்வையை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது, ஏனெனில் இதன் இரட்டை ஒளிவிலகல், அதாவது பிரியும் இரு கதிர்களின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையிலான வேறுபாடு, சுமார் 0.004 மட்டுமே.

உங்கள் கல்லுக்கு வருவோம். இரட்டைக் கோடு தெரியவில்லை என்பதனால் அது ஸ்பினெல்தான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. படிகத்தின் ஒளியச்சு (ஒளி இரண்டாகப் பிரியாமல் செல்லும் திசை) வழியே நோக்கினால் டாஃபைட்டிலும் கோடு ஒன்றாகவே தெரியும். கல் சிறிதாக இருந்தால் எந்தத் திசையிலும் இரட்டிப்பு புலப்படாமல் போகலாம். ஒளி கல்லுக்குள் இரண்டாகப் பிரிகிறதா என்று காட்டும் கருவியான போலரிஸ்கோப்பை மட்டும் நம்புவதும் சரியாகாது. ஆய்வகத்தில் உருவாக்கிய செயற்கை ஸ்பினெல் உள் இறுக்கத்தின் காரணமாக அக்கருவியில் பொய்யான ஒளிக்கோலங்களைக் காட்டும். அதன் ஒளிவிலகல் எண் பெரும்பாலும் 1.728 என்பதைக் கொண்டு அதை விலக்கிவிடலாம். ஒளிவிலகல்மானியில் கல்லை மெல்லச் சுழற்றி, இரண்டு அளவீடுகள் தனித்தனியே கிடைக்கின்றனவா என்று தேர்ந்த ஒருவர் பார்ப்பதே முதல் படி. கல்லை மோதிரத்திலிருந்து கழற்றிக் கொடுத்தால் ஒப்படர்த்தியையும் சேர்த்து அளக்க முடியும்.

கேள்வி: டாஃபைட் என்று உறுதியானால் மதிப்பு எவ்வளவு உயரும்?

பதில்: மிகுதியாக உயரும். ஆனால் வைரத்துக்கு இருப்பதுபோல் காரட் வாரியான விலைப்பட்டியல் இதற்குக் கிடையாது. இதை விரும்பி வாங்குவோர் பெரும்பாலும் அரிய கற்களைச் சேகரிப்பவர்கள். அவர்கள் தொகை குறைவு என்பதால், உரிய விலை கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும். இலங்கை, மியான்மர், தான்சானியா ஆகிய நாடுகளின் இரத்தினப் படிவுகளிலிருந்து கிடைக்கும் கற்களில் பெரும்பாலானவை சிறியவை. நிறமற்றவையாகவோ சாம்பல் கலந்த வெளிர் ஊதாவாகவோ இருப்பவை. குரோமியத்தால் சிவந்த கல் மிக அரிது. ஆகவே நிறத்தின் செறிவுக்கும், கண்ணுக்குக் குறை தெரியாத தெளிவுக்கும், ஒரு காரட்டைத் தாண்டும் எடைக்கும் விலை வேகமாக ஏறுகிறது. இவை அனைத்துக்கும் முன்பாக, நம்பகமான ஆய்வகத்தின் சான்றறிக்கை வேண்டும். அது இல்லாத டாஃபைட்டுக்கு ஸ்பினெலின் விலையைத் தாண்டித் தர எவரும் முன்வரமாட்டார்.

கேள்வி: மஸ்கிரேவைட் என்பதும் இதே கல்தானா?

பதில்: இல்லை, நெருங்கிய உறவுடைய வேறு கனிமம். அதே இரு வகை அடுக்குகள் வேறு விகிதத்தில் அமைந்து உருவானது. 1967-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் மஸ்கிரேவ் மலைத்தொடரிலிருந்து அறிவிக்கப்பட்டது. பட்டை தீட்டத் தகுந்த தரத்தில் டாஃபைட்டை விடவும் அரிது. இவ்விரண்டின் ஒளிவிலகல் எண்ணும் ஒப்படர்த்தியும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் வழக்கமான கருவிகள் இங்கே உதவா. ராமன் நிறமாலை ஆய்வோ எக்ஸ் கதிர் ஆய்வோ தேவை. ஆய்வகத்துக்கு அனுப்பும்போதே இந்த ஐயத்தையும் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: கல்லின் நடுப்பகுதி மங்கிக் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிகிறது. மறுபடியும் பட்டை தீட்டலாமா?

பதில்: அறிக்கை கைக்கு வரும் வரை வேண்டாம். எடையை மிச்சப்படுத்துவதற்காகக் கல்லின் அடிப்பகுதியை ஆழமின்றி வெட்டியிருந்தால், ஒளி திரும்பி வராமல் கீழே கசிந்துவிடும். சரியான கோணத்தில் மறுபடி வெட்டினால் ஒளி மீளும், ஆனால் எடை குறையும். உங்கள் கல் ஒரு காரட்டைச் சற்றே தாண்டியிருந்து, வெட்டியபின் அதற்குக் கீழே இறங்குமானால், கிடைக்கும் ஒளியைவிட இழக்கும் விலையே அதிகமாகலாம். ஸ்பினெலாக இருந்தால் இந்தக் கணக்கே வேறு.