பூங்குழலி எப்போது ஊர் திரும்புவாள்?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மோல்மேன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கோடை விடுமுறையில் எங்கள் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். பாடம் முடிந்ததும் கடைசி அரை மணி நேரம் உங்கள் தொடர்கதை ‘அக்கரைப் பூங்குழலி’யை ஃபோனைப் பார்த்து வாசித்துக் காட்டுவேன். பதினோரு அத்தியாயம் ஆகிவிட்டது. பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை.

கல்கி ‘பொன்னியின் செல்வ’னில் அவளைச் சோழ நாட்டுக்கு ராணி ஆக்கினார். நீங்கள் பட்டாபிஷேகத்துக்கு முன்னாலேயே அவளைக் கப்பலேற்றி நம் பர்மாக் கரையில் இறக்கிவிட்டீர்கள். பெரியவர் முடித்து வைத்த கதையை மாற்றலாமா? கோயில் தர்மகர்த்தா இதை வைத்து என்னிடம் சண்டையே போட்டுவிட்டார். அப்புறம், நாலாம் அத்தியாயத்தில் அவள் மொய்ங்கா மீன் குழம்பில் மிளகாய்த் தூள் போட்டுச் சாப்பிடுகிறாள். அந்தக் காலத்தில் மிளகாய் ஏது? வந்தியத்தேவன் வருவானா? (இது ஐந்தாம் வகுப்புப் பையன் கேட்டது.) கடைசியாக ஒன்று. அவள் எப்போது கோடிக்கரைக்குத் திரும்புவாள்? பாவமாக இருக்கிறது அக்கா. தயவுசெய்து அவளை ஊர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

பெயர் போட வேண்டாம்.

* * *

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் மிளகாய். அதில்தான் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

நீங்கள் சொல்வது சரி. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1498இல் போர்ச்சுக்கீசியர் கோழிக்கோட்டில் வந்து இறங்கிய பிறகுதான் அவர்கள் கப்பல்களோடு நம் பக்கத்துக்கெல்லாம் வந்தது. என் கதை நடப்பது 970 சுமாருக்கு. ஐந்நூறு வருஷம் முன்கூட்டியே அவள் கிண்ணத்தில் தூவிவிட்டேன். நீங்கள் கவனிக்காத இன்னொன்றும் அதே பக்கத்தில் இருக்கிறது: வறுத்த வேர்க்கடலை. அதுவும் அதே ஊர்ச் சரக்குதான்.

வெறுமனே அந்த வரியை அடித்துவிட மனசு வரவில்லை. மிளகாய் இல்லாத மொய்ங்கா எப்படி இருக்கும் என்று தெரியாமல் எப்படித் திருத்துவது? போன ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். கெளுத்தி மீனை மஞ்சளும் எலுமிச்சைப்புல்லும் போட்டு வேகவைத்து, முள் எடுத்து உதிர்த்து, வாழைத்தண்டை வட்டமாக நறுக்கிப் போட்டு, வறுத்த அரிசியை இடித்துக் கரைத்துக் கெட்டியாக்கி, உறைப்புக்கு மிளகும் இஞ்சியும். நிறம் வெளுத்துத்தான் இருந்தது. மிளகாய் நாக்கு நுனியிலேயே சுட்டுவிடும், மிளகு தொண்டைக்குப் போன பிறகுதான் வேலையைக் காட்டும். என் மகன் ஒரு வாய் வைத்துவிட்டு, “என்னம்மா, ரசத்துல மீன் விழுந்துடுச்சா?” என்றான். அந்த வரியைத் தூக்கி அப்படியே பூங்குழலி வாயில் கொடுத்துவிட்டேன். திருத்திய அத்தியாயத்தில், “மிளகுநீரில் மீன் விழுந்துவிட்டதா?” என்று கேட்பாள். பிள்ளைகளுக்கு மறுபடி வாசித்துக் காட்டுங்கள்.

யாரும் எழுதாத குற்றம் ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். கரை இறங்கியதும் ஒரு கிழவி அவளிடம் ‘மிங்கலாபா’ என்கிறாள். வெள்ளைக்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில் ‘குட்மார்னிங்’குக்குப் பதிலாகப் புழக்கத்துக்கு வந்த வணக்கம் அது. அதோடு, உங்கள் பக்கத்துக் கரை அப்போது மோன் இனத்தாருடையது. பகான் அரசன் அனோரத்தா மோன்களின் தட்டோனைப் பிடித்தது 1057இல் என்று நாமெல்லாம் இங்கே பள்ளியில் படித்ததுதானே? அதற்கு எண்பது தொண்ணூறு வருஷம் முன்னால் அந்தக் கிழவி எதற்காக பர்மியத்தில் பேசப் போகிறாள்? இப்போது அவள் ஒன்றும் பேசுவதில்லை. ஒரு குவளை தண்ணீர் கொடுக்கிறாள், அவ்வளவுதான். அதுவே நன்றாக இருக்கிறது.

சரி, தர்மகர்த்தாவின் கேள்விக்கு வருகிறேன்.

தம்பி, நான் முடிவை மாற்றவில்லை. கதையை ஆரம்பித்தபோது முடிவே எனக்குத் தெரியாது.

தாத்தா ‘பொன்னியின் செல்வ’னைப் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, ஐந்து பாகத்தையும் தனித்தனியாக பைண்டு செய்து வைத்திருந்தார். பச்சைத் துணி அட்டை. 1950இலிருந்து 54 வரை வாராவாரம் வந்த கதை. ரங்கூனுக்குக் கப்பலில் வந்து சேர்ந்த இதழ்கள், ஓரத்தில் உப்புக் கறை இருக்கும். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு பாட்டியின் தங்கை குடும்பத்தோடு சென்னைக்குக் கப்பலேறினார். போகிறபோது, படித்துக்கொண்டிருந்த ஐந்தாம் பாகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாட்டி போகவில்லை. நாலு பாகம் பாட்டியோடு ரங்கூனில் தங்கிவிட்டது.

நான் தமிழ் படித்ததே அந்த நாலு புத்தகத்தில்தான். நாலாம் பாகத்தின் பெயர் ‘மணிமகுடம்’. அந்த மகுடம் யார் தலையில் ஏறியது என்று எனக்குத் தெரியாது. பள்ளியில் சோழர் வரலாறா சொல்லித் தருகிறார்கள்? பாட்டியிடம் கேட்டால், “அது உன் சின்னப்பாட்டிகிட்ட இருக்கு” என்பார். முடிவையே ஏதோ பாத்திரம் பண்டம் மாதிரி அவர் எடுத்துப் போய்விட்டதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சின்னப்பாட்டியின் அந்தப் பிரதியும் மிஞ்சவில்லை. வியாசர்பாடிக் குடிசையில் ஒரு மழைக்குத் தண்ணீரோடு போய்விட்டதாம்.

அதனால் பன்னிரண்டு வயதில் நானே முடித்தேன், கணக்கு நோட்டின் பின்பக்கத்தில். ராத்திரியில் சதுப்பு நிலத்தில் எரிகிற கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி, அவைதான் என் காதலர்கள் என்று வந்தியத்தேவனிடம் சொன்ன பெண்ணை வேறு எங்கே அனுப்புவேன்? கடலுக்குத்தான். 2014இல் சிம் கார்டு 1,500 சாட்டுக்கு இறங்கியதே, நினைவிருக்கிறதா? அந்த வருஷம் வாங்கிய ஃபோனில்தான் ஐந்தாம் பாகத்தை முதல்முறையாகப் படித்தேன். எனக்கு அப்போது 40 வயது. சேந்தன் அமுதன் உத்தம சோழர் ஆகிறார், இவள் பட்டத்து ராணி. படித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எழுதியவர் அவர், அவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் என் பூங்குழலி அதற்குள் இருபத்தெட்டு வருஷமாகக் கடலில் இருக்கிறாள். இனிமேல் எப்படித் திருப்புவது?

தர்மகர்த்தா ஐயாவிடம் இதையும் சொல்லுங்கள். கல்கி முடித்த பிறகும் வாசகர்கள் விடவில்லை. அவர் என்ன ஆனார், இவள் என்ன ஆனாள் என்று கேட்டுத் துளைத்ததில் அவர் தனியாக ஒரு முடிவுரையே எழுத வேண்டி வந்தது. கேட்டவர்களின் பேத்தி நான், அவ்வளவுதான். அவர் எழுத்துகளைத் தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது, நான் இதில் ஒரு சாட் சம்பாதிக்கவும் இல்லை. என் வரையில் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: அவர் கொண்டுபோகாத இடத்துக்கு அவளைக் கொண்டுபோவேன், அவள் பேசாத பேச்சைப் பேச வைக்க மாட்டேன். ஆறாம் அத்தியாயத்தில் அவள் அழுதது அந்தக் கட்டுப்பாட்டை மீறியதுதான். அதையும் எடுத்தாயிற்று.

அவளுடைய சின்னப் படகில் இவ்வளவு தூரம் வர முடியுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். முடியாது. கோடிக்கரையிலிருந்து மோல்மேன் கரை நேர்கோட்டிலேயே சுமார் 2,000 கிலோமீட்டர். அதனால்தான் நாகப்பட்டினத்தில் அவளை வணிகர் கப்பலில் ஏற்றினேன். தமிழ் வணிகர்கள் இந்த நாட்டுக்கு வந்ததற்கு பகானில் கல்லே இருக்கிறது. மியின்கபா பக்கத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு. மலைமண்டலத்து, அதாவது கேரளத்து, மகோதயர்பட்டணத்துக்காரர் ஒருவர், நானாதேசி என்ற வணிகர் குழுவின் பேரில் இருந்த நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, நின்று எரிய ஒரு நிலைவிளக்கும் வைத்தேன் என்று வெட்டி வைத்திருக்கிறார். 13ஆம் நூற்றாண்டுக் கல், என் கதைக்கு ரொம்பப் பிந்தியது. இருந்தாலும் அந்த ‘நிலைவிளக்கு’ என்ற சொல்லைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. பூங்குழலியின் அப்பா யார்? கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர். விளக்குக்காரன் மகள் அக்கரையில் போய் வேறென்ன செய்வாள்? ஒன்பதாம் அத்தியாயத்து மேட்டு விளக்கு வந்தது அப்படித்தான்.

வந்தியத்தேவன் வரமாட்டான். ஐந்தாம் வகுப்புத் தம்பியிடம், அவனுக்குப் பழையாறையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்டது. தென்மேற்குக் காற்றில் கிழக்கே வந்த கப்பல், வடகிழக்குக் காற்று எழும்வரை காத்துக் கிடக்க வேண்டும். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் காற்று திரும்புகிறது. கப்பல் கிளம்பும். அவள் ஏறமாட்டாள்.

கோபப்படாதீர்கள். சின்னப்பாட்டி சென்னையிலிருந்து எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘நீ எப்போ வர்றே?’ பதில் எழுதுவது நான், பாட்டி சொல்லச் சொல்ல எழுதுவேன். அரிசி என்ன விலை, மழை எப்படி, யாருக்குப் பிள்ளை பிறந்தது, தீமிதிக்கு எவ்வளவு கூட்டம், எல்லாம் சொல்வார். அந்தக் கேள்வி வரும்போது மட்டும், “சரி, போதும், ஒட்டு” என்பார். வர முடியாது என்று ஒரு தடவைகூட எழுதச் சொன்னதில்லை. வருகிறேன் என்றும் சொன்னதில்லை. போனவர்கள் பேரில் சென்னையில் பர்மா பஜார் இருக்கிறது, தெருவுக்குத் தெரு அத்தோ நூடுல்ஸ் கடை இருக்கிறது. ஜெட்டியில் நின்று கையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்து உலை வைத்தவளுக்கு என்ன இருக்கிறது? என் கதையில் ஒருத்தியாவது நிற்கட்டும் தம்பி. பிள்ளைகளுக்குப் பாவமாக இருந்தால் இருக்கட்டும், எனக்கும்தான் இருந்தது.

அத்தியாயம் பாதி எழுதி நிற்கிறது. பாதிக்குக் காரணம் மின்சாரம், மீதிக்குக் காரணம் ஒரு சொல். கப்பலைக் கட்டியிருக்கும் கயிற்றை அவள்தான் கரையிலிருந்து அவிழ்த்துவிட வேண்டும். பக்கத்தில் நிற்கும் அந்தக் கிழவி அப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்து, அந்தக் கயிற்றின் பெயரைச் சொல்கிறாள். உங்கள் ஊரில் மோன் பேசுகிற படகுக்காரர்கள் இருப்பார்கள். படகு கட்டுகிற கயிற்றுக்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பர்மியச் சொல் வேண்டாம், மோன் சொல்.

அன்புடன்,
அக்கா
ரங்கூன்