நானே எழுதிய புரோகிராம் வைரஸா?

கேள்வி: கீழமாசி வீதியில் இருக்கும் மாமாவின் பலசரக்குக் கடைக்காக, பைத்தான் மொழியில் பில் போடும் புரோகிராம் எழுதினேன். பைத்தான் புரோகிராமை விண்டோஸில் நேரடியாக ஓடும் ஃபைலாக மாற்றும் பைஇன்ஸ்டாலரில் ஒரே இஎக்ஸ்இ ஃபைலாக்கிக் கொண்டுபோனால், கடை கம்ப்யூட்டரில் இருந்த ஆன்டிவைரஸ் கண்ணெதிரே தூக்கிவிட்டது. "ஏன் மாப்ள, வைரஸக் கொண்டாந்தியா?" என்கிறார் மாமா. ஆன்டிவைரஸை எடுத்துவிடலாமா? – வாசகர், செல்லூர்

பதில்: எடுக்க வேண்டாம் தம்பி. எனக்கும் நடந்ததுதான். மேலூர்ப் பக்கம் ஒரு அரிசி மில்லுக்கு எடைச்சீட்டு புரோகிராம் எழுதி, ராத்திரி கம்பைல் செய்தால் (அதாவது, எழுதிய கோடை ஓடும் ஃபைலாக மாற்றினால்) ஃபைலைக் காணோம். என் கோடில்தான் தப்பு என்று இரண்டு மணி நேரம் துழாவினேன். அந்த ஃபைல், சந்தேகப்பட்டதை ஆன்டிவைரஸ் அடைத்துவைக்கும் குவாரன்டைனில் உட்கார்ந்திருந்தது.

ஊருக்குள் புதுமுகம் நுழைந்தால் டீக்கடையில் "யாரு, எந்த ஊரு?" என்று கேட்பார்கள் அல்லவா? ஆன்டிவைரஸும் அப்படித்தான். நேற்று ராத்திரி பிறந்த ஃபைல் உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை, யார் செய்தது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்தும் கிடையாது. இதில் உங்களுக்குக் கூடுதல் வம்பு பைஇன்ஸ்டாலர். வைரஸ் எழுதுகிறவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். புரோகிராமைத் தொடக்கிவைக்க அது முன்னால் ஒட்டும் பூட்லோடர் என்ற துண்டு உங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான். ஒரே ஃபைலாக்கினால், ஓடும்போது டெம்ப் ஃபோல்டரில் தன்னைத்தானே பிரித்துப் போடும். பல வைரஸ்களின் வேலையும் அப்படித்தான் இருக்கும். அந்த ஒற்றை ஃபைல் ஆசையை விட்டு, ஃபோல்டராகவே கட்டிக் கொடுங்கள்.

அதற்காகப் பொய் எச்சரிக்கை என்று அடித்துச் சொல்லிவிடவும் கூடாது. 2009-ல் இன்டக் என்ற வைரஸ், டெல்ஃபி என்ற புரோகிராம் மொழியின் கம்பைலர் பயன்படுத்தும் ஒரு ஃபைலுக்குள் புகுந்துகொண்டது. அப்படித் தொற்றிய மெஷினில் டெல்ஃபியில் கம்பைல் ஆன புரோகிராம்கள் வைரஸோடுதான் பிறந்தன! எழுதியவருக்கு ஒன்றும் தெரியாது. ஆன்டிவைரஸ் சறுக்கிய கதையும் உண்டு: 2010 ஏப்ரலில் மெக்கஃபீ, விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த ஃபைலான எஸ்விசிஹோஸ்ட்டையே வைரஸ் என்று பிடித்து, ஏராளமான கம்ப்யூட்டர்களை முடக்கியது.

அதனால் முதலில் சுத்தமான வேறொரு மெஷினில் கம்பைல் செய்து பாருங்கள். அப்புறம், ஒரு ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்களிடம் காட்டிச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றுங்கள். பல டஜன் ஆன்டிவைரஸ்களில் இரண்டு மூன்று மட்டும் 'ஜெனரிக்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், பெரும்பாலும் வெறும் சந்தேகத்தில் அடித்த பொய் எச்சரிக்கைதான். ஆனால் அங்கே ஏற்றும் ஃபைல் மற்ற பாதுகாப்பு கம்பெனிகளின் கைக்கும் போகும். மாமாவின் கடன் பாக்கிப் பட்டியலோ பாஸ்வேர்டோ உள்ளே இருந்தால் ஏற்றாதீர்கள்.

எல்லாம் சரி என்றால், கடையில் இருக்கும் ஆன்டிவைரஸ் கம்பெனிக்கே ஃபைலை அனுப்பி மறுபரிசீலனை கேளுங்கள். பதில் வந்த பிறகும் அடுத்த முறை கம்பைல் செய்தால் அது வேறு ஃபைல்; மறுபடி பிடிக்கலாம். எனவே கடை மெஷினில் புரோகிராம் இருக்கும் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் ஆன்டிவைரஸ் சோதிக்காதபடி விலக்கு கொடுங்கள். மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே கொடுங்கள்.