மலைக்குள் சென்றவர் – கடிதம்

அன்புள்ள அக்கா,

கல்லூரி நூலகத்தில் தற்செயலாகக் கிடைத்தது ஸ்காட்லாந்து எழுத்தாளர் மியூரியல் ஸ்பார்க்கின் ‘தி பிரைம் ஆஃப் மிஸ் ஜீன் பிராடி’ நாவல். ஒரே மூச்சில் படித்து முடித்தேன். எம்.ஏ. படித்தபோது ஸ்காட்லாந்து என்றால் பர்ன்ஸ், வால்டர் ஸ்காட், ஸ்டீவன்சன் மூவர்தான். அங்கே பெண்கள் எழுதவில்லையா, எங்களுக்குச் சொல்லப்படவில்லையா? அடுத்து யாரைப் படிக்கலாம்? வட்டார மொழி நிறைய வரும் என்கிறார்கள், தயக்கமாக இருக்கிறது.

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

நிறைய எழுதினார்கள். சூசன் ஃபெரியரின் ‘மேரேஜ்’ நாவல் 1818-லேயே வந்துவிட்டது. உங்கள் கவிஞர் பர்ன்ஸின் வாழ்க்கையை 1930-இல் ஒளிவுமறைவில்லாமல் எழுதியவர் கேத்தரின் கார்ஸ்வெல் என்ற பெண். அதற்காக யாரோ ஒரு பர்ன்ஸ் பக்தர் அவருக்குத் தபாலில் துப்பாக்கிக் குண்டு அனுப்பினார்! இவர்களில் பலருடைய புத்தகங்கள் பல காலம் அச்சிலேயே இல்லை. 1980-களில்தான் மறுபதிப்புகள் வரத் தொடங்கின. பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகம் கடையிலும் இல்லையென்றால் நமக்கு எப்படித் தெரியும்?

ஸ்பார்க் எடின்பரோக்காரர். அங்கிருந்து வடக்கே அபர்டீனுக்குப் போங்கள். நேன் ஷெப்பர்ட் (1893–1981) என்ற பெண் எழுத்தாளர் அங்கே ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். வாழ்நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே வீடு. 1928-இலிருந்து 1933-க்குள் மூன்று நாவல்கள் எழுதினார். பிறகு, இரண்டாம் உலகப் போரின் கடைசி வருடங்களில், ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலைகளைப் பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுதினார்: ‘தி லிவிங் மவுண்டன்’. பிரசுரமாவது கடினம் என்று தெரிந்ததும் கைப்பிரதியை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. 1977-இல் புத்தகமாக வந்தபோது அவருக்கு வயது 84.

மலையைப் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் உச்சியைத் தொட்டவர்களின் கதைகள். இவருக்கு உச்சி ஒரு பொருட்டே இல்லை. மலைக்கு ‘உள்ளே’ போகிறேன் என்கிறார். வெறுங்காலோடு நடக்கிறார். கால்களை அகட்டி நின்று, குனிந்து, இடுக்கு வழியாக உலகைத் தலைகீழாகப் பார்க்கிறார். பார்த்துப் பழகிய நிலம் அப்போது புதிதாகிவிடுகிறது. டீ என்ற நதி அங்கே பிரேரியாக் மலையின் மேல்தளத்தில், நாலாயிரம் அடி உயரத்தில், பாறையிலிருந்து கசிந்து வருகிறது. அந்த இடத்தில் நின்று தண்ணீரைப் பார்க்கும் பக்கங்களை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. தண்ணீர் அங்கே எதையும் செய்வதில்லை, தண்ணீராக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த எளிமைதான் தன்னை மிரள வைக்கிறது என்கிறார். படித்துவிட்டு எழுந்து போய்க் குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

2016-இல் ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து தன் ஐந்து பவுண்டு நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது. நெற்றியில் பட்டை கட்டி, நடுவே ஒரு அணியோடு இருப்பார். அந்தப் பட்டை, புகைப்பட நிலையத்தில் கைக்குக் கிடைத்த ஒரு துண்டு ஃபிலிம் சுருள்.

இன்னொருவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது. வில்லா மியூர். கணவர் எட்வின் மியூரும் அவரும் சேர்ந்து மொழிபெயர்த்ததாக அட்டையில் போட்டிருக்கும், ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவின் ஆங்கிலப் பதிப்பில்தான் நம்மில் பலர் ‘விசாரணை’யையும் ‘கோட்டை’யையும் முதலில் படித்தோம். அதில் பெரும்பகுதி தன் உழைப்பு என்று வில்லா தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார், வெளியே சொல்லாமல். இது என்னை இன்றும் வருத்துகிறது. அவருடைய சொந்த நாவல் ‘இமாஜின்ட் கார்னர்ஸ்’ 1931-இல் வந்தது.

ஆனால் முதலில் படிக்கச் சொல்வது ஜெஸ்ஸி கெஸனை. 1916-இல் இன்வர்னெஸில், ஏழைகள் விடுதியில் பிறந்தவர். அனாதை இல்லத்தில் வளர்ந்தார். பள்ளி ஆசிரியர் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் சொல்லியும் இல்லத்தின் அறங்காவலர்கள் மறுத்துவிட்டார்கள். வீட்டுவேலை, பண்ணைவேலை என்று போனது வாழ்க்கை. 1941-இல் ஒரு ரயில் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணோடு கவிதையைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தப் பெண் நேன் ஷெப்பர்ட். ஒரு சிறுகதைப் போட்டிக்கு எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தியவர் அவர்தான்.

கெஸனின் ‘தி ஒயிட் பேர்ட் பாஸஸ்’ (1958) நாவலில் ஒரு சந்து, அதில் ஏழைப் பெண்கள், ஒரு சிறுமி, அவள் அம்மா. ஊர் அந்த அம்மாவைத் தூற்றுகிறது, சிறுமிக்கு அவள்தான் உலகிலேயே அழகி. கெஸன் யாருக்காகவும் வாதாடுவதில்லை, சிறுமியின் கண்ணை விட்டு விலகுவதும் இல்லை.

வட்டார மொழிக்குப் பயப்படாதீர்கள். அபர்டீன் பக்கம் பெண்பிள்ளை ‘குவைன்’, பையன் ‘லூன்’. அகராதியைத் தேடாமல் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போங்கள். பேசுகிறவர் கோபமா செல்லமா என்பது சத்தத்திலேயே தெரியும், இருபது பக்கத்துக்குள் காது பழகிவிடும். கெஸனை முடித்ததும் எழுதுங்கள். அம்மா பார்க்க வரும் அத்தியாயத்தைப் பற்றி உங்களோடு பேச வேண்டும்.

அன்புடன்,
அக்கா