மழை பெய்ததும் கைகர் கருவியில் (கதிர்வீச்சை அளப்பது) எண் ஏறுகிறதே, பெலிண்டாபாவா?

அநேகமாக மழையின் வேலைதான், தென்னாப்பிரிக்காவின் பெலிண்டாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கசிவு அல்ல. பிரிட்டோரியாவின் லாடியத்தில் சாயங்கால இடிமழைக்குப் பிறகு, மணிக்கு 0.12 மைக்ரோசீவர்ட் (கதிர்வீச்சு அளவின் அலகு) என்றிருந்தது 0.2 ஆனது என்கிறீர்கள். மண்ணிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். அது சிதைந்து உண்டாகும் ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டும் காற்றுத் தூசியில் ஒட்டிக்கொள்ளும். மழை அதைக் கழுவித் தரையில் இறக்கிவிடும்.

சோதித்துப் பார்க்கலாம்:

1. முதலில் சுத்தமான டிஷ்யூ தாளை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

2. மழை விட்ட உடனே, காயும்வரை காத்திராமல், உங்கள் பக்கியின் (பிக்-அப் வண்டியின்) பானெட்டை அதே மாதிரித் தாளால் அழுத்தித் துடையுங்கள். தாளை மடித்துக் கருவியின் குழாயை ஒட்டி வையுங்கள்.

3. 10 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். மைக்ரோசீவர்ட் வேண்டாம், நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பதைப் பாருங்கள்.

சுமார் அரை மணிக்கு ஒருமுறை பாதியாகி, மூன்று மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்தால் ரேடானின் வாரிசுகள்தான். அணு உலைக் கசிவில் வரும் சீசியம்-137 என்றால் எண் அசையாது, அது பாதியாக 30 ஆண்டு ஆகும்.

அப்புறம், உங்கள் போர்வெல் தண்ணீரையும் இதே கருவியால் சோதிக்கலாமா என்ற கேள்வி. அதற்கு இந்தக் கருவி உதவாது, கருவியை விற்பவர் என்ன சொன்னாலும் சரி. பெலிண்டாபாவில் 1990இலும் 1995இலும் மூடப்பட்ட செறிவூட்டல் ஆலைகள் கையாண்டது யுரேனியம். அதன் ஆல்ஃபா கதிர் ஒரு தாளைக்கூடத் தாண்டாது. தண்ணீரில் கரைந்திருந்தால் கருவிக்குத் தெரியாது. ஆய்வகத்தில் கொடுத்து யுரேனியம் அளவைக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம்.