அம்மாவின் முழங்கால் வலி மூட்டுத் தேய்மானம்தானா? ஆபரேஷன் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, எடை 74 கிலோ, சர்க்கரை உண்டு. பென்னாகரம் பக்கம் கிராமம். இரண்டு முழங்காலும் வலி, வலது பக்கம் அதிகம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு மூட்டு தேய்ந்துவிட்டது என்கிறார்கள். தேய்மானம்தானா என்று எப்படி உறுதி செய்வது? ஆபரேஷன் இல்லாமல் சமாளிக்க வழி உண்டா?

பதில்: பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சமாளிக்க முடியும். ஆனால் அதில் முக்கால்வாசி வேலையைச் செய்ய வேண்டியது தொடைத் தசை. மாத்திரையும் எண்ணெயும் கூட ஒத்தாசைக்குத்தான். நான் தர்மபுரியில் பிசியோதெரபி பார்க்கிறவள். என் அம்மாவுக்கும் இதே முழங்கால் வலி இருப்பதால் வீட்டுப் பக்கத்துக் கஷ்டமும் தெரியும்.

முதலில் தேய்மானம்தானா என்பது. வயது 45 தாண்டியிருக்க வேண்டும், நடந்தாலோ படி ஏறினாலோ வலி கூட வேண்டும், காலையில் எழுந்ததும் இருக்கும் விறைப்பு இல்லாமலோ அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுவதாகவோ இருக்க வேண்டும். இவ்வளவு பொருந்தினால் எக்ஸ்ரே இல்லாமலே டாக்டர் தேய்மானம் என்று சொல்லிவிடலாம். கூடவே சில அடையாளங்கள்: முழங்கால் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மடக்கி நீட்டினால் நறநறவென்று கையில் தெரியும். வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலைந்து எட்டு நொண்டும். நாளாக நாளாக முழங்கால்கள் வெளிப்பக்கம் வளைந்து நடுவில் இடைவெளி விழும்.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். படம் மோசமாக இருக்கிற பாட்டி வாரச் சந்தைக்கு நடந்தே போய் வருவார். படம் சுமாராக இருக்கிற இன்னொருவர் ராத்திரி தூங்க முடியாமல் தவிப்பார். படத்துக்கும் வலிக்கும் அவ்வளவுதான் சம்பந்தம். ஒன்று மட்டும் பாருங்கள்: அம்மாவை நிற்க வைத்து எடுத்த படமா, படுக்க வைத்து எடுத்ததா? உடம்பின் பாரம் மூட்டில் இறங்கும்போதுதான் இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சரியாகத் தெரியும்.

காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கை விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் இரண்டு பக்கமும் வீங்கினால் அது முடக்கு வாதமாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனையும் வேறு மருந்தும் வேண்டும், தள்ளிப்போட்டால் மூட்டு நிரந்தரமாகக் கெடும். திடீரென்று ஒரு ராத்திரியில் கால் கட்டைவிரல் மூட்டோ முழங்காலோ சிவந்து, தொட முடியாமல் வலித்தால் யூரிக் அமிலம் பார்க்க வேண்டும்.

இப்போது பென்னாகரத்துக்கு வருகிறேன். வேறு ஊர்க்காரர் கேட்டிருந்தால் இந்தப் பகுதியை எழுதியிருக்கவே மாட்டேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது, ஆழம் போகப் போகக் கூடவும் செய்யலாம். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் பல வருடம் குடித்தால் எலும்பிலும் தசைநார்களிலும் படிந்து, கழுத்து, முதுகு, இடுப்பு, முழங்கால் எல்லாம் இறுகும். இந்தப் பிரச்சினைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் வருகிற ஊர்களிலும், குழாயில் வராத நாளில் போர் தண்ணீரைப் பிடித்துச் சோறு வடிக்கிற வீடுகள் இருக்கின்றன.

அம்மாவை மூன்று வேலை செய்யச் சொல்லிப் பாருங்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முயல்வது, தாடையை நெஞ்சில் தொட வைப்பது, இரண்டு கையையும் தூக்கிப் பிடரியில் கோர்ப்பது. வெறும் முழங்கால் தேய்மானம் என்றால் கழுத்தும் தோளும் ஓரளவு சரளமாகவே வரும். மூன்றுமே வரவில்லை, சிறு வயதிலிருந்தே அந்த ஊரில் இருப்பவர், பல்லில் பழுப்புக் கோடுகளும் இருக்கின்றன என்றால் டாக்டரிடம் ஃபுளோரைடு பற்றிக் கேளுங்கள். முன்கையை எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கிற சவ்வில் சுண்ணாம்பு படிந்திருப்பது தெரியக்கூடும். குடிக்கிற தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். காவிரித் தண்ணீரோ, ஆர்.ஓ. தண்ணீரோ, மழைநீரோ எதுவானாலும் குடிக்க மட்டும் இல்லாமல் சமைக்கவும் அதையே எடுக்க வேண்டும். படிந்தது முழுக்கக் கரையாது, மேலும் படியாமல் தடுக்கலாம். தேய்மானமும் ஃபுளோரைடும் ஒரே ஆளுக்கு இருப்பதும் உண்டு.

சரி, தேய்மானம்தான் என்று வைத்துக்கொள்வோம். வலிக்கிறது என்று காலை அசைக்காமல் வைத்தால் சில மாதத்தில் தொடை சூம்பும். தொடை முன்பக்கத் தசைதான் நடக்கும்போது மூட்டில் விழும் அதிர்வை வாங்கிக்கொள்வது. அது மெலிந்தால் அத்தனையும் மூட்டில் இறங்கும், வலி கூடும், அம்மா இன்னும் குறைவாக நடப்பார். சிகிச்சைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் இந்தச் சுழலுக்குள்தான் இருக்கிறார்கள். "ரெஸ்ட் எடுங்க" என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே இருந்திருப்பார்கள்.

பயிற்சி இப்படி. கட்டிலில் காலை நீட்டி உட்கார வைத்து, ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். முழங்காலால் துண்டைக் கீழே அழுத்தி, மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை பிடித்து, விடச் சொல்லுங்கள். அப்போது உங்கள் கையை அவர் தொடை மேல் வைத்துப் பாருங்கள், தசை கல்லாக இறுக வேண்டும். இறுகாமல் இடுப்பை மட்டும் தூக்கினால் அது பயிற்சியே இல்லை. பத்து முறை, காலையும் மாலையும். இது சுலபமானதும், ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு மறு காலை நீட்டியபடி ஒரு முழம் உயரத்துக்குத் தூக்கிப் பிடிப்பது. அப்புறம் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசிப் பயிற்சிதான், ஏனென்றால் அம்மாக்களுக்கு அன்றாடம் தேவைப்படுகிற அசைவு அது. நாற்காலி தாழ்வாக இருந்தால் முதலில் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், அது பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அதே அளவில் தொடரலாம். மறுநாளும் வலி ஏறியே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டாவது வாரத்திலேயே "ஒண்ணும் ஆகல" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

என் அம்மாவோடு எனக்குச் சண்டையே தரையில் உட்காருவதைப் பற்றித்தான். மாசி, பங்குனியில் புளி வந்துவிட்டால் தெருவோடு தெரு உட்கார்ந்து கொட்டை எடுப்பார்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, முன்னால் கல், கையில் சுத்தியல், பகல் முழுக்க அப்படியே. "எழுந்திரும்மா" என்றால், "இந்த ஒரு மூட்டை முடியட்டும் பாப்பா" என்பார். நாற்காலியில் உட்கார்ந்து புளி தட்ட முடியாது என்பதும் உண்மை. கடைசியில் ஒரு உயரமான மணைக்கட்டையும், அதற்கேற்பக் கல்லுக்கு அடியில் இரண்டு செங்கல்லும் வைத்துச் சமாதானம் ஆனோம். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து வாசல் வரை போய் வர வேண்டும் என்பது ஒப்பந்தம். பாதி நாள் மீறுவார். உங்கள் அம்மா பூப் பறிக்கப் போகிறாரா, மாடு பார்க்கிறாரா தெரியாது. எந்த வேலையில் முழங்கால் முழுக்க மடங்குகிறது என்று ஒரு நாள் கூடவே இருந்து பாருங்கள். கழிவறையில் குத்துக்காலிட்டு உட்காருவதுதான் பலருக்குப் பெரிய சோதனை. இருக்கிற கழிவறை மேலேயே வைக்கிற ஓட்டை போட்ட நாற்காலி மருந்துக் கருவி விற்கிற கடைகளில் கிடைக்கும். மகன்கள் விலை உயர்ந்த மாத்திரை வாங்கித் தருகிறார்கள், இதை யோசிப்பதில்லை.

எடை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முழங்காலில் விழும் பாரம் சுமார் நாலு கிலோ குறையும். 74-ஐ 69 ஆக்கினாலே எட்டுக்கு 20 கிலோ. களியை விடச் சொல்லாதீர்கள், கேழ்வரகு நல்ல உணவு, உருண்டையின் அளவைக் குறைத்துக் கீரையும் பயறும் கூட்டினால் போதும். புளியும் உருளைக்கிழங்கும் வாயு, மூட்டுக்கு ஆகாது என்று நிறுத்துகிறவர்கள் உண்டு, அதனால் தேய்மானம் குறையாது. சொல்லப்போனால் புளி ஃபுளோரைடைச் சிறுநீர் வழியே கூடுதலாக வெளியேற்றுகிறது என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்களே 2002-ல் எழுதியிருக்கிறார்கள். அதற்காகப் புளியை மருந்தாக்க வேண்டாம், பயந்து ஒதுக்கவும் வேண்டாம்.

கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் என்றால் இடது கையில். பார்ப்பவர்களில் பாதிப் பேர் மாற்றித்தான் பிடித்திருப்பார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். தீர்த்தமலை ஏறிவிட்டு வந்து வலியோடு படுப்பவர்கள் ஏறியதைக் குற்றம் சொல்வார்கள். முழங்காலுக்குப் பெரும்பாலும் கஷ்டம் இறக்கத்தில்தான்.

மருந்தில் முதலில் டைக்ளோஃபினாக் ஜெல். முழங்கால் தோலுக்கு அருகில் இருக்கிற மூட்டு என்பதால் தடவுவதே பலன் தரும். மாத்திரையாகச் சாப்பிட்டால் வயிற்றுப் புண், ரத்த அழுத்தம், சிறுநீரகம் மூன்றையும் கவனிக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை வேறு இருப்பதால் டாக்டர் சொல்லாமல் தொடர வேண்டாம். காகிதத்தில் மடித்துத் தருகிற செட் மாத்திரை கட்டாயம் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருக்கலாம், வலி மாயமாய்ப் போகும், சர்க்கரை எகிறும். மூட்டில் போடுகிற ஸ்டீராய்டு ஊசி வேறு விஷயம், சில வாரங்களுக்கு நிவாரணம் தரும், சில நாள் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். மூட்டுக்குச் சத்து என்று விற்கிற குளுக்கோசமின் மாத்திரைக்குச் செலவழிக்கிற காசை அந்தக் கழிவறை நாற்காலிக்குச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து. ஒகேனக்கல் எண்ணெய் மசாஜ்? சுகமாக இருந்தால் போய் வாருங்கள், முழங்காலில் வீக்கமும் சூடும் இருக்கும் நாளில் வேண்டாம். சொடுக்கு எடுக்க விடாதீர்கள்.

டவுனுக்கு வந்து போக முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். 2021 ஆகஸ்டில் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பதிவு செய்வார்கள்.

இவ்வளவையும் சில மாதம் ஒழுங்காகச் செய்தும் ராத்திரி வலியில் விழிப்பு வருகிறது, வீட்டுக்குள் நடப்பதே பாடு என்றால் அப்போது மூட்டு மாற்று ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். பத்துச் செயற்கை மூட்டில் எட்டு, 25 வருடம் வரை உழைக்கிறது. அதிகம் பொருத்தப்படுகிற கோபால்ட் குரோமிய மூட்டுக்கு 2017-ல் மத்திய அரசு 54,720 ரூபாய், அதோடு வரி என்று உச்ச விலை வைத்தது. ஆபரேஷன் செலவு தனி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்த மருத்துவமனையில் செய்கிறார்கள் என்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் தொடை வலுவாக இருந்தால் எழுந்து நடப்பது சுலபம், அதனால் பயிற்சி எப்படியும் வீண் போகாது. தரையில் சம்மணம் போடுவது மட்டும் அதற்குப் பிறகு பெரும்பாலும் முடியாது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரே முழங்கால் திடீரென்று வீங்கி, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். கீழே விழுந்து ஊன்ற முடியாமல் போனாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும் அப்படியே, பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.