ஹோமேஜ் வாட்ச் கட்டினால் டூப்ளிகேட் கட்டினதாகுமா?

கேள்வி: எனக்கு வாட்ச் என்றால் உயிர். ஆனால் விலை உயர்ந்ததை வாங்குகிற நிலையில் இல்லை. போன வருடம் ரோலெக்ஸ் சப்மரீனர் மாதிரியே இருக்கும் ஒரு வாட்ச் வாங்கினேன்; ஹோமேஜ் என்பார்களே, பிரபல வாட்ச்சின் உருவத்தில் வேறொரு கம்பெனி தன் பெயரிலேயே செய்வது, அந்த வகை. டயலில் அதைச் செய்த கம்பெனியின் பெயர்தான் இருக்கிறது, ரோலெக்ஸ் என்று எங்கேயும் இல்லை. கறுப்பு டயல், திருகக்கூடிய வளையம், தேதிக்கு மேல் பூதக்கண்ணாடி எல்லாம் அப்படியே. ஆசையாகக் கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டு விசேஷம் ஒன்றில் என் அண்ணன் எல்லார் முன்னாலும், "டூப்ளிகேட் கட்டுறதுக்கு வெறுங்கையா இருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அவர் பல வருடம் பணம் சேர்த்து ஒரிஜினல் வாங்கியவர். அன்றிலிருந்து என் வாட்ச் அலமாரியில் கிடக்கிறது. அடுத்த மாதம் அப்பா ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பரிசாக ஔடமார் பிகே கம்பெனியின் ராயல் ஓக் போன்ற எண்கோண வாட்ச் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். இப்போது அதை வாங்கவும் தயக்கம். நான் செய்தது தப்பா? அப்பாவுக்கு வாங்கலாமா?

பதில்: உங்கள் வாட்ச்சை அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். அப்பாவுக்குப் பார்த்து வைத்ததை மட்டும் வாங்க வேண்டாம். இரண்டுமே ஹோமேஜ்தானே, ஒன்றுக்கு ஒரு நியாயம் இன்னொன்றுக்கு வேறு நியாயமா என்று கேட்பீர்கள். வேறு நியாயம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

அண்ணன் சொன்ன குற்றச்சாட்டை முதலில் பார்த்துவிடலாம். டூப்ளிகேட் வாட்ச்சில் ரோலெக்ஸ் பெயரும் கிரீடச் சின்னமும் இருக்கும். செய்தவன் தன் பெயரை மறைத்து அடுத்தவன் பெயரில் விற்கிறான். அது சட்டப்படி குற்றம். அதோடு முடிவதும் இல்லை. நீங்கள் தெரிந்தே வாங்கினாலும், நாளைக்கு அது கைமாறும்போது யாரோ ஒருவர் நிஜம் என்று நம்பி உழைத்த பணத்தைக் கொடுப்பார். உங்கள் வாட்ச் யாரையும் அப்படி ஏமாற்றாது. யார் செய்தது என்பது அதன் முகத்திலேயே எழுதியிருக்கிறது. எனவே அண்ணன் சொன்னது தவறு. அதுவும் பத்துப் பேர் முன்னால் சொன்னது இன்னும் தவறு.

ஆனாலும் 'பெயரைத் திருடவில்லை, ஆகவே எல்லாம் சரி' என்று பலர் வாதத்தை இதோடு முடித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் யோசித்து வரைந்த வடிவத்தை இன்னொருவர் எடுத்து விற்பது பற்றிய கேள்வி அப்படியே மிச்சமிருக்கிறது. அதற்குப் பதில், எந்த வடிவம், அது எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது.

சப்மரீனரை எடுத்துக்கொள்ளுங்கள். ரோலெக்ஸ் அதை 1953-ல் உருவாக்கியது. அதே 1953-ல் பிளாங்பெய்ன் நிறுவனம் பிரெஞ்சு ராணுவ மூழ்குவீரர்களோடு சேர்ந்து ஃபிஃப்டி ஃபாதம்ஸ் வாட்ச்சைக் கொண்டுவந்தது. ஸோடியாக்கின் ஸீ வுல்ஃப் வந்ததும் அதே ஆண்டுதான். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே ஜாடை: கறுப்பு டயல், இருட்டில் ஒளிரும் பெரிய குறிகள், சுற்றிலும் நிமிடம் பொறித்த, திருகக்கூடிய வளையம். தண்ணீருக்கடியில் இருப்பவர் காற்று தீர எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை ஒரே பார்வையில் தெரிந்துகொள்ள வேண்டும். கலங்கிய நீரில் கண்ணுக்குப் பட வேண்டும். இந்தத் தேவைதான் அந்த ஜாடையைக் கொடுத்தது. நான்கு கால் இருக்கிறது என்பதற்காக ஒரு நாற்காலியை இன்னொரு நாற்காலியின் நகல் என்று யாரும் சொல்வதில்லை. பிறகு 1957-ல் ஒமேகாவும் 1965-ல் செய்கோவும் இப்படி மூழ்குவீரர்களுக்கான டைவர் வாட்ச் செய்தபோது அவர்களும் இதே அடிப்படையில்தான் செய்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. ரோலெக்ஸை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப், குறைந்த விலையில் நம்பகமான வாட்ச் கொடுக்க வேண்டும் என்றே டியூடர் நிறுவனத்தைத் தொடங்கினார். 1954-ல் டியூடரும் ஒரு சப்மரீனரை விற்றது. வாட்ச்சின் உலோகக் கூடும், சாவி கொடுக்கும் குமிழான கிரௌனும் ரோலெக்ஸுடையவை, உள்ளே இயந்திரம் வெளியிலிருந்து வாங்கியது. அந்த உருவத்தைக் குறைந்த விலையில் இன்னொரு பெயரில் கட்டலாம் என்பதற்கு ரோலெக்ஸே வழி செய்திருக்கிறது!

ராணுவ வாட்ச்களில் இது இன்னும் வெளிப்படை. இரண்டாம் உலகப்போர் காலத்தில் ஜெர்மன் விமானப்படைக்கான 55 மில்லிமீட்டர் வாட்ச்சை லாங்கே, ஐடபிள்யூசி, லாகோ, ஸ்டோவா, வெம்பே என்று ஐந்து நிறுவனங்கள் ஒரே வரைவை வைத்துச் செய்தன. பிரிட்டிஷ் ராணுவத்துக்காகப் பன்னிரண்டு நிறுவனங்கள் ஒரே விதிமுறைப்படி செய்தவற்றைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடித்தேடி வாங்குகிறார்கள். இந்த உருவங்கள் யாருக்கும் தனிச்சொத்தாக இருந்ததே இல்லை.

அதற்காக உங்கள் வாட்ச்சுக்கு முழு மதிப்பெண் கொடுக்கவும் மாட்டேன். தேதிக்கு மேலிருக்கும் அந்தப் பூதக்கண்ணாடி தண்ணீருக்கடியில் தேவைப்பட்டு வந்ததில்லை. அது ரோலெக்ஸின் அடையாளம், டேட்ஜஸ்ட் மாடலிலிருந்து வந்தது. வட்டத்துக்குள் மூன்று கோடு போட்ட மணி முள்ளும் இருக்கிறதா, பாருங்கள். இந்த இரண்டையும் விட்டுவிட்டு, முள்ளையும் குறிகளையும் கொஞ்சம் தன் போக்கில் யோசித்துச் செய்திருந்தால் உங்கள் கம்பெனிக்கு இன்னும் கௌரவமாக இருந்திருக்கும். அடுத்த முறை வாங்கும்போது அப்படிப்பட்டதைத் தேடுங்கள், நிறையவே கிடைக்கிறது.

சரி, ராயல் ஓக் விஷயத்துக்கு வருவோம். இதில் நான் ஏன் வேண்டாம் என்கிறேன்?

1972-ல் ஔடமார் பிகே வெளியிட்ட இந்த வாட்ச் எந்தத் தொழில் தேவையிலிருந்தும் பிறக்கவில்லை. ஜெரால்ட் ஜெண்டா என்ற ஒரு மனிதரின் கற்பனை அது. ஒரே இரவில் வரைந்ததாகவும், பழைய மூழ்குவீரரின் தலைக்கவசத்தைப் பார்த்துத் தோன்றியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். எண்கோண வளையம், அதில் எட்டு அறுகோணத் திருகுகள், கூட்டோடு பிறந்தது போல ஒட்டி இறங்கும் செயின். இரும்பு வாட்ச்சைத் தங்க வாட்ச்சின் விலைக்கு விற்க முடியும் என்று காட்டியது அந்த வடிவம்தான். இப்படி ஒருவர் கையிலிருந்து வந்த உருவத்தைக் கோட்டுக்குக் கோடு எடுத்துக்கொள்வதும், டைவர் வாட்ச்சின் பொது ஜாடையை எடுத்துக்கொள்வதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

சட்டமும் இதில் கொஞ்சம் தயங்குகிறது. பதிவு செய்த வடிவமைப்புக்குக் காலவரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிகபட்சம் 25 ஆண்டுகள், அமெரிக்காவில் இப்போது 15 ஆண்டுகள். 1972-ன் வடிவம் அந்தக் கணக்கில் எப்போதோ பொதுவுக்கு வந்துவிட்டது. ஆனால் பார்த்தவுடனே ஒரே ஒரு நிறுவனம் நினைவுக்கு வருகிற உருவத்துக்கு வணிகச்சின்னம் போன்ற பாதுகாப்பைக் கோர இடமிருக்கிறது. 2014-ல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, ராயல் ஓக் போலச் செய்து விற்ற ஒரு நிறுவனத்துக்கு எதிராக ஔடமார் பிகேவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இது விற்பவருக்கான வழக்கு. ஒன்றை வாங்கிக் கட்டுகிற உங்களுக்கு இதனால் தொல்லை எதுவும் இல்லை.

எனக்கு இதைவிடப் பெரிய காரணம், அந்த வடிவம் மலிவில் செய்ய வராது என்பது. முதல் ராயல் ஓக்குக்குள் இருந்த, கை அசைவிலேயே சாவி ஏறும் தானியங்கி இயந்திரத்தின் தடிமன் 3.05 மில்லிமீட்டர்தான். அதனால்தான் அந்த வாட்ச் கையோடு ஒட்டி மெலிதாக உட்கார்ந்தது. ஹோமேஜ் வாட்ச்களில் அதிகம் வரும் செய்கோவின் என்எச்35 இயந்திரம் மட்டுமே 5.32 மில்லிமீட்டர். நல்ல உழைப்பாளி இயந்திரம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை உள்ளே வைத்தால் மேலே கூடு வீங்கித்தான் ஆகவேண்டும். அப்புறம் அந்த எட்டுத் திருகுகள். ஒரிஜினலில் அவற்றின் தலை அறுகோணக் குழிக்குள் உட்கார்ந்திருப்பதால் திரும்பவே திரும்பாது, பின்பக்கத்திலிருந்துதான் முடுக்குவார்கள். ஆகவே திருகுத் தலைகளில் தெரியும் பள்ளக் கோடுகள் எட்டும் வளையத்தின் ஓட்டத்தோடு வரிசையாக நிற்கும். மலிவு நகல்கள் பலவற்றில் அவை வெறும் அலங்காரம், இல்லையென்றால் ஆளுக்கொரு திசை பார்க்கும். செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் மங்கலான பரப்பும் பளபளக்கும் விளிம்பும் கத்தி வைத்துக் கீறியது போலச் சந்திக்க வேண்டும். அந்த வாட்ச்சின் அழகே அங்கேதான் இருக்கிறது, விலையில் பெரும் பங்கும் அங்கேதான் போகிறது. அதை விட்டுவிட்டு எண்கோணத்தை மட்டும் எடுத்தால் கையில் மிஞ்சுவது வெறும் சாயல்.

டைவர் வாட்ச் அப்படியில்லை. வளையம் கிளிக் கிளிக் என்று திருப்பிய இடத்தில் நின்றால், இருட்டில் மணி தெரிந்தால், தண்ணீர் உள்ளே போகாவிட்டால், அதன் வேலையை அது முழுதாகச் செய்துவிட்டது. குறைந்த விலையிலும் இதெல்லாம் சாத்தியம். (நீச்சலுக்குக் கட்டிப்போவதாக இருந்தால், 200 மீட்டர் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் ஒரு தடவை அழுத்தச் சோதனை செய்துவிடுங்கள்.)

உங்கள் அண்ணன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஹோமேஜ் வியாபாரத்தால் அடிபடுவது ரோலெக்ஸ் என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கு இதை விற்றதால் அவர்களுக்கு ஒரு விற்பனை குறைந்துவிடவில்லை. அடிபடுபவர்கள் சிறிய கம்பெனிகள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு டயலை வரைந்து, கைப்பணத்தைப் போட்டுச் சில நூறு வாட்ச் செய்கிறார்கள். அந்த உருவத்தை யாரோ எடுத்துப் பாதி விலைக்கு ஆயிரக்கணக்கில் இறக்கினால் அவர்களால் வழக்குப் போடக்கூட முடியாது. அப்படிப்பட்ட ஒன்றை, எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும், வாங்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாங்குவதற்கு முன்னால் இந்த வடிவம் முதலில் யாருடையது, எப்போது வந்தது என்று ஐந்து நிமிடம் தேடினால் தெரிந்துவிடும்.

அண்ணனிடம் தனியாகப் பேசுங்கள். "அண்ணா, இது ரோலெக்ஸ் இல்லன்னு எனக்குத் தெரியும், டயல்லயே எழுதியிருக்கு. அந்த வடிவம் பிடிச்சதால வாங்கினேன். நீங்க எல்லார் முன்னாலயும் சொன்னதுதான் வலிச்சுது" என்று நேராகவே சொல்லலாம். கூடவே அவருடைய வாட்ச்சைக் கையில் வாங்கி நிதானமாகப் பாருங்கள். பல வருடம் சேர்த்து வாங்கியவருக்கு அதைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடைத்தால் சந்தோஷம்தான். வெளியாட்கள் யாராவது "ரோலெக்ஸா?" என்று கேட்டால் "இல்லை" என்று உடனே சொல்லிவிடுங்கள். சிரித்து மழுப்பினால் அந்த இடத்தில் பொய் உங்களுடையதாகிவிடும்.

இப்போது அப்பா. ஓய்வு பெறும் நாளில் மகன் கொடுத்த வாட்ச்சை அவர் நாலு பேரிடம் காட்டத்தான் போகிறார். அதில் ஒருவர் "இது அந்தக் கம்பெனி மாதிரியே இருக்கே" என்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நீங்கள் தெரிந்து எடுத்த முடிவை அவர் தலையில் வைக்காதீர்கள். வேறொன்றின் சாயல் இல்லாமல் தன் காலில் நிற்கும் வாட்ச்கள் அதே பணத்துக்கு இருக்கின்றன. கூட்டோடு ஒட்டிய செயின்தான் பிடித்திருக்கிறது என்றால் டிஸ்ஸோவின் பிஆர்எக்ஸைப் பாருங்கள். விலை கொஞ்சம் கூடலாம், ஆனால் அது 1978-ல் டிஸ்ஸோவே செய்த வாட்ச்சின் மறுபிறவி. செயின் முக்கியமில்லை என்றால் சிட்டிசனின் ஈகோ-டிரைவ் வகை என் முதல் சிபாரிசு. வெளிச்சத்திலேயே ஓடும், அடிக்கடி பேட்டரி மாற்ற வேண்டியதில்லை. தானியங்கி வாட்ச்சைக் கழற்றி வைத்தால் சில நாளில் நின்றுவிடும். வீட்டில் இருக்கப்போகிறவர் தினமும் கட்டுவாரா என்பது சந்தேகம்தான்.

எண்களும் முள்ளும் கண்ணாடி போடாமலே தெரிகிறதா என்று கடையில் கையை நீட்டிப் பாருங்கள். பின்மூடி கண்ணாடியாக இல்லாமல் இரும்பாக இருந்தால் அதில் அவர் பெயரையும் ஓய்வு பெறும் தேதியையும் பொறிக்கலாம். அதற்கு நாளாகும் என்பதால் இந்த வாரமே போய்விடுங்கள். செயினில் கழற்றும் கண்ணிகளைக் கடையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கிப் பெட்டியில் போட்டுக் கொடுங்கள்.